மல்லி வாசம் அடித்த முதல் பிரெட்

வீட்டில் நான் சுட்ட முதல் முழுக்கோதுமை பிரெட்டில் மல்லி வாசம் அடித்தது. மாமா ஒரு துண்டைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டு, "ரசப்பொடி ஏதாவது சேர்த்தியா கண்ணு?" என்று கேட்டார். சேர்க்கவில்லை. தெருமுனை அரவை மில்லில் 2 கிலோ கோதுமை கொடுத்து அரைத்து வந்த மாவு அது. எனக்கு முன்னால் யாரோ மல்லி அரைத்திருக்கிறார்கள். அந்த மில்லில் இருப்பது ஒரே மெஷின். சப்பாத்தி என்றால் தொட்டுக்கொள்ளும் குழம்பில் இந்த வாசம் கரைந்துபோகும். பிரெட்டில் ஒளிய இடமே இல்லை. மாவு, தண்ணீர், உப்பு, ஈஸ்ட் தவிர அதில் வேறென்ன இருக்கிறது?

பிரெட் சுடும் எண்ணம் வந்ததற்கும் மாமாதான் காரணம். 2016 மே மாதம் டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம், கடைகளில் வாங்கிய 38 பிரெட், பன் வகைகளைச் சோதித்து, 84 சதவீதத்தில், மாவு நன்றாக எழும்பச் சேர்க்கும் ரசாயனங்களான பொட்டாசியம் புரோமேட் அல்லது அயோடேட் இருப்பதாகச் சொன்னது. அடுத்த மாதமே புரோமேட்டுக்குத் தடை வந்துவிட்டது. ஆனால் பேப்பரில் அந்தச் செய்தியைப் படித்த நாளோடு மாமா பிரெட்டை நிறுத்திவிட்டார். சர்க்கரை நோய்க்காரர், காலையில் காபியோடு இரண்டு துண்டு சாப்பிட்டுப் பழகியவர். "பிரவுன் பிரெட் வாங்கலாமா" என்று பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தால் பொருட்களில் முதலில் நிற்பது மைதா, நிறத்துக்குக் கேரமல். சரி, வீட்டிலேயே சுட்டுப் பார்க்கலாம் என்று ஓடிஜி என்ற சின்ன மின்சார அடுப்பு வாங்கினோம். மாவையும் நாமே அரைக்க வேண்டும் என்ற முடிவு அந்த மல்லி வாசத்துக்குப் பிறகு வந்தது.

முதல் ஆறு மாதம் மிக்சியில்தான் அரைத்தேன். சின்ன ஜாரில் 100 கிராம் போட்டு, 20 நொடி ஓட்டி, நிறுத்தி, குலுக்கி, மறுபடி ஓட்டி, சலித்து, சல்லடையில் நின்றதைத் திரும்பப் போட்டு அரைக்க வேண்டும். 500 கிராம் மாவுக்கு முக்கால் மணி நேரம் போகும். ஜார் தொட முடியாத அளவு சூடாகிவிடும். மாவு ஒரே சீராக வராது, பாதி தூசி, பாதி ரவை. ஆனாலும் மல்லி வாசம் இல்லாத பிரெட் கிடைத்தது. தொடங்குகிறவர்கள் மெஷினுக்குப் பணம் போடும் முன் நாலு தடவை மிக்சியில் அரைத்துச் சுட்டுப் பாருங்கள் என்றுதான் நான் சொல்வேன். இந்த ருசி உங்கள் வீட்டுக்குப் பிடிக்கிறதா என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

அப்புறம் ஜெர்மனியில் இருக்கும் தம்பி ஊருக்கு வந்தபோது மேஜை மேல் வைக்கும் கல் மில் ஒன்றைக் கொண்டு வந்தான். அங்கேயும் 230 வோல்ட்தான், பிளக்கை மட்டும் மாற்ற வேண்டியிருந்தது. உள்ளே கொரண்டம் என்ற கடினமான கனிமம் கலந்து செய்த இரண்டு வட்டக் கற்கள். நம் திருகை மாதிரியே ஒன்று நிற்கும், ஒன்று சுற்றும், நடுவில் விழும் தானியம் விளிம்பு வழியாக மாவாக வெளியேறும். நிமிடத்துக்கு 100 கிராம் அரைக்கும். நம் நாட்டில் வீட்டு உபயோகத்துக்கு என்று விற்கும் மில்களில் பெரும்பாலானவை வேறு வகை. அவற்றில் கல் கிடையாது. வேகமாகச் சுற்றும் இரும்புத் தகடுகள் தானியத்தை அடித்து நொறுக்கும், சுற்றிலும் இருக்கும் சல்லடை வழியே மாவு வெளியே வரும். தோழி வீட்டில் அந்த வகைதான் இருக்கிறது. அதில் அரைத்த மாவிலும் நல்ல பிரெட் சுட்டிருக்கிறேன். கல் மில்லின் வசதி, நைசு எவ்வளவு என்பதைக் கையாலேயே கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம். மோட்டாரை ஓடவிட்டு, கல்லோடு கல் லேசாக உரசும் 'டிக் டிக்' சத்தம் கேட்கும் வரை நெருக்கி, பிறகு கோதுமையைக் கொட்டுவேன். தானியம் விழுந்ததும் அந்தச் சத்தம் அடங்கிவிடும். வெறும் கல்லை அப்படி நெருக்கி வைத்து அதிக நேரம் ஓடவிடக் கூடாது.

அந்த மில் வந்த மூன்றாவது வாரமே ஒரு பாடம் கிடைத்தது. அத்தைக்குக் கோதுமையைக் கழுவாமல் அரைப்பது மனசுக்கு ஒப்பவே இல்லை. அவர் வீட்டில் எல்லாக் காலமும் கழுவி, மொட்டை மாடியில் வெள்ளை வேட்டி விரித்துக் காயவைத்துத்தான் மில்லுக்குக் கொடுத்தார்கள். நானும் கழுவிக் காயவைத்தேன். அது ஐப்பசி, ஒரே மூட்டம். தொட்டுப் பார்த்தால் காய்ந்த மாதிரிதான் இருந்தது. அரைக்க ஆரம்பித்து இரண்டு நிமிடத்தில் மாவு வருவது குறைந்தது, மோட்டாரின் சத்தம் கனத்தது, நிறுத்திவிட்டேன். பிரித்துப் பார்த்தால் கல்லின் முகம் முழுக்க மாவு படிந்து, இஸ்திரி போட்ட துணி மாதிரி வழவழப்பாகப் பளபளத்தது. கல்லின் சொரசொரப்பு மொத்தமும் மூடிப்போயிருந்தது. தண்ணீர் ஊற்றிக் கழுவவும் கூடாது. நன்றாகக் காய்ந்த பச்சரிசியை இரண்டு கை எடுத்து, கல்லைத் தளர்த்தி வைத்துக் கொரகொரப்பாக ஓடவிட்டேன். அரிசி அந்தப் படிவைச் சுரண்டிக்கொண்டு வந்தது. மூன்று தடவை செய்ததும் கல் தெளிந்தது.

கோதுமையில் ஈரம் 12 சதவீதம் பக்கம் இருந்தால் நல்லது. 14-ஐத் தாண்டினால் கல்லில் அப்பும். வீட்டில் இதை அளக்க ஒரு மணியைக் கடித்துப் பார்த்தால் போதும். 'டக்'கென்று இரண்டாக உடைய வேண்டும். பல்லுக்கு அடியில் நசுங்கினால் இன்னொரு நாள் வெயில் வேண்டும். இப்போது நான் கழுவுவதில்லை. முறத்தில் புடைத்து, கல், நெல், கருகிய மணி பொறுக்கி, ஈரம் பிழிந்த துணியால் ஒரு தேய்ப்பு, பிறகு 4 மணி நேரம் நல்ல வெயில். இந்தத் துணித் தேய்ப்புக்கு அத்தையும் சம்மதித்துவிட்டார். பொறுக்கும் வேலையை மட்டும் தவிர்க்கவே கூடாது. ஒரு சின்னக் கல் போதும், மில்லின் கல் போய்விடும்.

எந்தக் கோதுமை என்பதில்தான் நான் அதிகமாகச் சுற்றினேன். கோயம்புத்தூரில் கோதுமை என்றாலே எனக்குச் சம்பா கோதுமைதான். நீளமான, செம்பழுப்பு மணி. ரவையாக உடைத்து உப்புமா கிண்டினால் வீடு முழுக்க மணக்கும். வட இந்தியாவில் கப்லி என்பார்கள். இன்றைய கோதுமைகளுக்கெல்லாம் மூத்த வகைகளில் ஒன்று. இங்கிருந்து மலையேறினால் குன்னூர் பக்கம் வெலிங்டனில் கோதுமை ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. இந்த வகையில் நீலகிரி கப்லி என்று ஒரு ரகத்தை அங்கே உருவாக்கியிருக்கிறார்கள். இவ்வளவு நெருக்கமான தானியத்தை விட்டுவிட்டு வேறெங்கே போவது என்று சம்பாவை மட்டும் அரைத்து நாலு தடவை சுட்டேன். நாலு தடவையும் மாவு எழும்பியது, அடுப்புக்குள் போனதும் பக்கவாட்டில் பரந்து உட்கார்ந்துவிட்டது. ருசி அருமை. ஆனால் துண்டு போட்டால் விரல் உயரம்தான்.

காரணத்தைக் கண்ணால் பார்க்க ஒரு வழி இருக்கிறது. 50 கிராம் மாவைக் கெட்டியாகப் பிசைந்து அரை மணி நேரம் மூடி வைத்து, ஒரு கிண்ணம் தண்ணீருக்குள் வைத்து மெதுவாகப் பிசைந்து கழுவுங்கள். தண்ணீர் பால் மாதிரி வெளுக்கும், அது மாவுச்சத்து. தண்ணீரை மாற்றி மாற்றிக் கழுவிக்கொண்டே போனால் கையில் ரப்பர் மாதிரி ஒரு உருண்டை மிஞ்சும், அங்கங்கே தவிடு ஒட்டியிருக்கும். அதுதான் குளுட்டன், பிரெட்டுக்குள் காற்றைப் பிடித்து வைக்கும் வலை. ரேஷன் கடைக் கோதுமையில் செய்தபோது அந்த உருண்டையை இழுத்துவிட்டால் சுருங்கிக்கொண்டு திரும்பி வந்தது. சப்பாத்திக்கு வாங்கும் ஷர்பதி கோதுமையில் இழுத்தால் நீண்டது, கொஞ்சம்தான் சுருங்கியது. சம்பாவில் கையில் நின்றது சின்ன உருண்டை. இழுத்ததும் சுயிங்கம் மாதிரி நீண்டு அறுந்தது. திரும்பி வரும் தெம்பு அதற்கு இல்லை.

ரேஷன் கோதுமையில் பிரெட் நன்றாக வரும் என்பது நான் எதிர்பார்க்காத விஷயம். அதை அற்பமாக நினைக்காதீர்கள். பொறுக்கும் வேலை கூடுதல், அவ்வளவுதான். ஷர்பதி மத்தியப் பிரதேசத்தின் செஹோர் பக்கத்துக் கோதுமை, சப்பாத்திக்கு அதற்கு இணை இல்லை. பிரெட்டுக்குப் பரவாயில்லை. இப்போது எங்கள் வீட்டு அளவு, 500 கிராமில் 350 ரேஷன் கோதுமை அல்லது பஞ்சாப் கோதுமை, 150 சம்பா. உயரமும் கிடைக்கிறது, அந்த உப்புமா மணமும் கிடைக்கிறது. ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். சம்பாவிலும் குளுட்டன் உண்டு. குளுட்டன் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அதையும் கொடுக்கக் கூடாது.

இனி பிசைவது. நான் அதிக நாள் தவறாகச் செய்தது இங்கேதான். பாக்கெட் மாவுக்கு எழுதிய அளவை வைத்துக்கொண்டு 500 கிராமுக்கு 300 மில்லி தண்ணீர் ஊற்றுவேன். பிசையும்போது சரியாக இருக்கும். அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் கல் மாதிரி இறுகியிருக்கும். வீட்டில் அரைத்த மாவில் தவிடு முழுக்க இருக்கிறது. ஒரு கோதுமை மணியில் ஏறத்தாழ 14 சதவீதம் தவிடு, 3 சதவீதம் முளைக்கரு, மிச்சம்தான் வெள்ளை மாவு. அந்தத் தவிடு நிறையத் தண்ணீர் குடிக்கும், ஆனால் மெதுவாகக் குடிக்கும். ஊறாத தவிட்டுக்கு விளிம்பு கூர்மை, குளுட்டன் வலையை அங்கங்கே அறுத்துவிடும். அதற்குத் தண்ணீரும் கொடுக்க வேண்டும், நேரமும் கொடுக்க வேண்டும். இந்த இரண்டையும் கொடுத்த அன்றுதான் எனக்குப் பிரெட் வந்தது. மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

இப்போது 500 கிராம் மாவுக்கு 400 கிராம் தண்ணீர். தண்ணீரையும் தராசில்தான் நிறுக்கிறேன். முதலில் மாவும் தண்ணீரும் மட்டும். உலர் மாவு தெரியாத அளவுக்குக் கலந்து, மூடி, 45 நிமிடம் விட்டுவிடுவேன். பிரான்சின் ரேமோன் கால்வெல் 1970-களில் இதற்கு ஆட்டோலிஸ் என்று பெயர் வைத்து ரொட்டிக்காரர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். நம் வீடுகளில் போளிக்குப் பிசைந்த மாவை ஊறவைக்கிறோமே, அது போலத்தான். பதமும் போளி மாவுப் பதம்தான். சப்பாத்தி மாவு மாதிரி உருண்டு நிற்கக் கூடாது. கையில் ஒட்ட வேண்டும், இழுத்தால் தொய்ய வேண்டும். ஒட்டுகிறதே என்று உலர் மாவைத் தூவினால் அத்தனையும் வீண். கையை நனைத்துக்கொள்ளுங்கள்.

ஊறிய பிறகு 3 கிராம் இன்ஸ்டன்ட் ஈஸ்ட், 10 கிராம் உப்பு, 20 கிராம் நாட்டுச் சர்க்கரை, 20 கிராம் செக்குக் கடலை எண்ணெய். எட்டு நிமிடம் பிசைவேன். சப்பாத்தி பிசையும் கை இருக்கும் கிரைண்டர் உள்ளவர்கள் அதிலும் பிசையலாம், ஆனால் ஐந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம், மாவு சூடாகிவிடும். பிறகு அரை மணிக்கு ஒரு தடவை ஈரக் கையால் நாலு பக்கமும் இழுத்து மடிப்பேன், மொத்தம் மூன்று தடவை. முதல் மடிப்பில் பிய்ந்து வரும் மாவு, மூன்றாவது மடிப்பில் மெல்லிய தோல் மாதிரி விரியும்.

சூட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் குளிர் நாட்டுக்காரர்கள் சொல்லும் நேரக் கணக்கு நம் ஊரில் செல்லாது. சித்திரை மாதம் ஒரு மதியம் தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்தேன். மில்லிலிருந்து விழுந்த மாவு 46 டிகிரி, சமையலறை 34. அந்த மாவில் குழாய்த் தண்ணீர் ஊற்றிப் பிசைந்தால் ஒரு மணி நேரத்தில் பொங்கி, புளித்து, தொட்டதும் அமுங்கிவிட்டது. முழுக்கோதுமை மாவு இயல்பாகவே வெள்ளை மாவைவிட வேகமாகப் புளிக்கும். பிசைந்து முடித்த மாவு 26 டிகிரியில் இருப்பது நல்லது. அதற்கு ரொட்டிக்காரர்கள் போடும் எளிய கணக்கு ஒன்று உண்டு. 26-ஐ மூன்றால் பெருக்கினால் 78. அதில் அறையின் சூட்டையும் மாவின் சூட்டையும் கழியுங்கள். அறை 30, மாவு 40 என்றால் மிச்சம் 8. தண்ணீர் 8 டிகிரியில் இருக்க வேண்டும், அதாவது ஃப்ரிட்ஜ் தண்ணீர். இதனால்தான் கோடையில் நான் விடியற்காலையில் அரைத்து, மாவைத் தாம்பாளத்தில் பரப்பி ஆறவிடுகிறேன். கோதுமையை ஃப்ரீசரில் வைத்து அப்படியே அரைக்கலாமே என்று தோன்றும். வேண்டாம், வெளியே எடுத்ததும் மணிகள் வியர்க்கும், அந்த ஈரம் கல்லுக்கு ஆகாது.

மாவு இரண்டு மடங்காக எழும்பும் வரை காத்திருக்காதீர்கள். வீட்டில் அரைத்த மாவு ஒன்றரை மடங்கிலேயே தயார். அதற்கு மேல் போனால் வலை கிழியும். எண்ணெய் தடவிய டின்னில் உருட்டிப் போட்டு, இன்னும் அரை மணி முதல் 40 நிமிடம். விரலால் அழுத்தினால் பள்ளம் மெதுவாகப் பாதி நிரம்ப வேண்டும். அந்த நேரத்துக்கு ஓடிஜி 200 டிகிரியில் சூடாகியிருக்க வேண்டும். 35 முதல் 40 நிமிடம். டின்னிலிருந்து கவிழ்த்து அடிப்பக்கம் தட்டினால் தேங்காயைத் தட்டும் சத்தம் வரும். தெர்மாமீட்டர் குத்திப் பார்க்கிறவர்களுக்கு உள்ளே 95 டிகிரி. ஆறுவதற்கு மூன்று மணி நேரம் கொடுங்கள். சூட்டோடு வெட்டினால் கத்தியில் பிசுபிசுவென்று மாவு ஒட்டி வரும், வேகவில்லையோ என்று நினைத்துக்கொள்வோம். வெந்துதான் இருக்கும், ஆறவில்லை, அவ்வளவுதான்.

வீட்டுக் குழந்தைகளுக்கு மிருதுவாக வேண்டும் என்றால் மாவை மைதா சல்லடையில் சலிப்பேன். 500 கிராமில் 60 கிராம் போலத் தவிடு நிற்கும். அதைத் தூக்கிப் போடுவதில்லை. கொதிக்கும் தண்ணீரை ஊற்றி ஊறவைத்து, ஆறியதும் கடைசி மடிப்பில் சேர்த்துவிடுவேன். அதே தவிடு, அதே அளவு. ஊறிவிட்டதால் வலையை அறுப்பதில்லை. ஊற்றிய தண்ணீரை மட்டும் மொத்தக் கணக்கில் கழித்துக்கொள்ள வேண்டும்.

அரைத்த மாவை வைத்திருக்காதீர்கள். முளைக்கருவில் எண்ணெய் இருக்கிறது. அரைத்ததும் அது காற்றுக்கு வெளிப்பட்டுவிடுகிறது. கோடையில் வெளியே வைத்தால் ஒரு வாரத்திலேயே காறல் வாடை எனக்குத் தெரிய ஆரம்பித்துவிடும், நாக்கின் அடியில் ஒரு கசப்பு. அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் அரைக்கிறேன். மிஞ்சினால் மறுநாள் கோதுமை தோசை. முழுக் கோதுமையோ மாதக்கணக்கில் கெடாது. நன்றாக வெயிலில் காட்டி, ஆறவைத்து, மூடி இறுக்கமான டின்னில் காய்ந்த வேப்பிலையோடு வைத்தால் வண்டு அண்டுவது குறைவு. சூட்டோடு டின்னில் போட்டு மூடினால் உள்ளேயே வியர்த்து, நாமே வண்டை விருந்துக்கு அழைத்த மாதிரி.

மெஷின் வாங்க முடியாதவர்கள் மனம் தளர வேண்டாம். அம்மா வீட்டுக்குப் போகும்போது நான் இன்றும் மில்லுக்குத்தான் போகிறேன். காலையில் கடை திறந்ததும், யாரும் மசாலா அரைக்கும் முன் போய்விடுங்கள். கால் கிலோ கோதுமையைத் தனியாகக் கொண்டுபோய் முதலில் அதை ஓட்டச் சொல்லுங்கள். முந்தைய மாவையெல்லாம் அது இழுத்துக்கொண்டு வந்துவிடும். அந்த மாவு மாட்டுக்கோ பசை காய்ச்சவோ ஆகும். அப்புறம் சொல்ல வேண்டிய முக்கியமான வார்த்தை, "சப்பாத்திக்கு இல்லைங்க, கொஞ்சம் நறநறப்பா இருந்தாப் போதும், மெதுவா விடுங்க". சப்பாத்தி மிருதுவாக வர மில்காரர்கள் கல்லை இறுக்கி நைசாக அரைப்பார்கள். அந்த அழுத்தத்திலும் சூட்டிலும் மாவுச்சத்தின் துகள்கள் நிறைய உடையும். உடைந்த துகள் தண்ணீரை இழுத்துக்கொள்ளும், அதனால் சப்பாத்தி மெத்தென்று வரும். பிரெட்டில் அதே குணம் நடுப்பகுதியைப் பிசுபிசுப்பாக்கிவிடும். வாங்கி வந்ததும் பையை மூடி வைக்காமல் தாம்பாளத்தில் கொட்டி ஆற்றுங்கள்.

அம்மா வீட்டுப் பக்கத்து மில்காரர் முதலில் இதைக் கேட்டதும் ஒரு மாதிரியாகப் பார்த்தார். 40 வருஷமாக நைசாக அரைத்துக் கொடுத்துப் பேர் வாங்கியவர் அவர். அடுத்த தடவை போனபோது அரை பிரெட்டைத் துணியில் சுற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். இப்போது நான் படியேறுவதைப் பார்த்ததும் கல்லைத் தளர்த்திவிடுகிறார். மாவு விழ ஆரம்பித்ததும் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஒரு சிட்டிகை எடுத்துத் தேய்த்து, என் பக்கம் கையை நீட்டி, "சூடு இல்லையே, பாருங்க" என்பார். நானும் தொட்டுப் பார்த்துத் தலையாட்டுவேன். அப்புறம்தான் மிச்சக் கோதுமையைக் கொட்டுவார்.